தராசுக்குத் தெரியாத சேறு

2023 அக்டோபரில் சீனா கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தது. அதே ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் கிராஃபைட் இருந்தது. லித்தியம் அயனி பேட்டரியின் ஒரு மின்வாய் பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது என்பதால் நாளிதழ்களில் பேட்டரிப் பேச்சாகவே இருந்தது. கல்லிலிருந்து கிராஃபைட்டைப் பிரிப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. உலோகவியல் படித்த நண்பரிடம் புலம்பினேன். மேற்கு ஒடிசாவில் தனக்குப் பழக்கமான ஒரு சிறு ஆலைக்கு அவர் என்னை அழைத்துப் போனார்.

மழைக்காலம். முற்றத்தில் குவிந்திருந்த, கிராஃபைட் கலந்த கோண்டலைட் கல் ஊறிப் போயிருந்தது. கோந்த் பழங்குடிகளின் பெயரைத் தாங்கிய பாறை இது. கொனாரக் கோயில் எழுந்ததும் பெரும்பாலும் இதே வகைக் கல்லால்தான். வெயிலிலும் மழையிலும் சிதையும்போது இதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். ஆலைக்கு வரும் தொல்லையின் ஊற்று அதுதான்.

கல் உடைப்பதையும் அரைப்பதையும் கடந்து, கிராஃபைட்டைக் காற்றுக் குமிழிகளில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதப்புச் செல்கள் வரிசையாக இரையும் கொட்டகைக்குப் போனோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் தலை நரைத்த மனிதர். அவர் கையில் மார்சி தராசு இருந்தது: ஒரு லிட்டர் எஃகுக் குவளை, அதைத் தொங்கவிட வட்ட முகமும் முள்ளும் கொண்ட தராசு. குழம்பை மொண்டு மாட்டினால் அதன் அடர்த்தியையும், அதில் கல்தூள் எத்தனை சதவீதம் என்பதையும் முள் காட்டிவிடும்.

“முள்ளு நேத்து நின்ன இடத்துலதான் நிக்குது பாபு. ஆனா சேறு வேற” என்றார். நண்பர் மொழிபெயர்த்தார். பெரியவர் குவளைக்குள் விரலை விட்டு வழித்துக் காட்டினார். நேற்றையது கஞ்சி என்றால் இது களி.

தராசுக்கு எடை தெரியும், பிசுபிசுப்பு தெரியாது. மைக்ரான் அளவுள்ள களிமண் தகடுகளின் விளிம்பும் முகமும் ஒன்றையொன்று இழுத்து வலைபோல் பின்னிக்கொண்டு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குழம்பு இறுகியதும் சுழலி தன்னைச் சுற்றியுள்ளதை மட்டும் கலக்குகிறது, மூலைகள் அசைவதில்லை. உள்ளே செலுத்தும் காற்று சிறு குமிழிகளாக உடையாமல் பெருங்குமிழிகளாகக் கொப்பளித்து வீணாகிறது. கிராஃபைட் இயல்பாகவே நீரை ஒட்டவிடாது. டீசல் சேர்த்தால் அந்தக் குணம் கூடி, குமிழியைப் பற்றி மேலே வரும். அதன்மேல் களிமண் பூசிக்கொண்டால் குமிழி பற்றாது. போதாததற்கு, குமிழிகளுக்கிடையே தேங்கும் நீரோடு களிமண் நுரைக்குள் ஏறி, சரக்கை எரித்தால் மிஞ்சும் சாம்பல் அளவைக் கூட்டும்.

மருந்து உண்டு. தண்ணீர் விடலாம், சோடியம் சிலிக்கேட் சேர்த்துக் களிமண் தகடுகளின் பின்னலைப் பிரித்துவிடலாம், குழம்பைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனில் முன்னதாகவே சேற்றைக் கழிக்கலாம். ஆனால் தண்ணீர் கூடினால் குழம்பு செல்களில் தங்கும் நேரம் குறைந்து, மிதக்க வேண்டியது கழிவோடு போகும். சைக்ளோன் களிமண்ணோடு நுண்ணிய கிராஃபைட்டையும் கொண்டு போகும். எது எவ்வளவு என்று அந்த நேரத்தில் முடிவு செய்தவர் பெரியவர்தான். வால்வைக் கொஞ்சம் திறந்தார், சிலிக்கேட்டைக் கூட்டச் சொன்னார், நுரையை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்து நரநரப்பைப் பார்த்தார். ஆய்வுக்கூட முடிவு வரும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனையோ டன் வெளியே போயிருக்கும்.

அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். பதிவேட்டில் ‘உதவியாளர்’. கூலியிலிருந்து ஒப்பந்தக்காரருக்கு ஒரு பங்கு. சாம்பல் ஏறினால் தரகர் விலையைக் குறைப்பார், திட்டு இவருக்கு வரும். சரக்கு நன்றாக அமைந்தால் லாபம் இவர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. செல்லின் அருகே ஒரு நாளும் நிற்காதவர்கள் இரு பக்கமும் கமிஷன் வாங்குகிறார்கள். இது வியாபாரமல்ல, சுரண்டல். இந்த நிலையைப் பார்த்து வளரும் பிள்ளைகள் எதற்காக இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பிசுபிசுப்பை அளக்கும் கருவியை வாங்கி மாட்டலாம். அது காட்டும் எண்ணுக்கு எந்த வால்வை எவ்வளவு திறப்பது என்று சொல்ல இவரைப் போன்றவர்கள் வேண்டும். முக்கியக் கனிமம் என்று அறிவித்த நாடு, அதைப் பிரித்தெடுப்பவரைத் தொழில் கற்றவர் என்று பதிவேட்டில் எழுதி, அதற்குரிய கூலியை இடையில் எவர் கையும் படாமல் நேராகக் கொடுக்கட்டும்.