பி.பி. நம்பர்

1974-ல் எங்கள் ராயபுரம் தெருவுக்கு ஒரே ஒரு போன். தெருமுனை மளிகைக் கடையில், கல்லாப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில், கறுப்பாகக் கனமாக உட்கார்ந்திருக்கும். தெருவில் பாதி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்தான் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டு எழுத்தோடு. போன் நம்முடையது இல்லை, ஆனால் கேட்டால் நம்மைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்குப் பொருள். என் பேத்திக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

மணி அடித்தால், எடுத்துக் கேட்கும்வரை யாருக்கு என்று தெரியாது. கடைக்காரர் எடுப்பார், பெயரைக் கேட்பார், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் எவனையாவது விரட்டுவார். பெரும்பாலும் அந்தப் பையன் நான்தான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிது. ஓசியில் தினத்தந்தி படிப்பதற்குக் கூலியாக இந்த ஓட்டம்.

அந்த போனை நான் மறந்து முப்பது வருஷம் கழித்து, திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற வழியில் ஒரு லாரி எடைமேடையில், திறந்து போட்ட கம்ப்யூட்டருக்குள் மறுபடி பார்த்தேன்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டெலிபிரிண்டர் மெக்கானிக் ஆனேன். ஒற்றைக் கம்பியில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு ஓய்வு. 1983-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் டெர்மினல் வந்தது. மூட்டை தூக்கிய ஊர் பெட்டி எண்ணும் ஊராயிற்று. 2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். பெட்டி பெருகப் பெருக டிரெய்லர் பெருகியது, டிரெய்லருக்கு எடை போட எடைமேடை பெருகியது. டெலிபிரிண்டர் ஒழிந்ததும் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். தொழில் மாறியதாக ஊர் நினைத்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலும் அதே கதைதான்: முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு ஓய்வு. லினக்ஸில் சீரியல் போர்ட்டுகளின் பெயர் ‘டிடிஒய்’ என்று தொடங்கும். டெலிடைப் என்பதன் மிச்சம் அது. முதன்முதலில் திரையில் அதைப் பார்த்தபோது, செத்துப்போன சிநேகிதனின் பெயரை அவன் பேரனுக்கு வைத்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

எடைமேடையில் வேலை இப்படி. லாரி மேடையில் ஏறும். அடியில் இருக்கும் லோட் செல்கள் அந்தப் பாரத்தை மில்லிவோல்ட் கணக்கில் சொல்லும். இண்டிகேட்டர் அதைக் கிலோவாக்கி, சீரியல் கேபிளில் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படித்து, எடை ஆடாமல் நின்றதும் பதிந்துகொண்டு, மூன்று பிரதிச் சீட்டை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிக்கும். காலி எடை, மொத்த எடை, நிகர எடை. வெளியே டிரைவர் பார்க்க ஒரு பெரிய சிவப்பு எண் பலகை, அதற்கும் ஒரு சீரியல் கேபிள் வேண்டும். ஆக இரண்டு சீரியல், ஒரு பாரலல். முதலாளி வாங்கி வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு சீரியல். பாரலல் கிடையவே கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பிசிஐ கார்டு வாங்கினேன். மேலே நெட்மாஸ் 9835 என்ற சிப். இரண்டு சீரியலும் ஒரு பாரலலும் அந்த ஒரே சிப்புக்குள். அந்த நெட்மாஸை வாங்கியது ஐதராபாத்தின் மாஸ்சிப் என்று பிறகுதான் தெரிந்தது. தைவானில் இருக்கும் என்று நினைத்தது, அன்றைய கணக்கில் பக்கத்து மாநிலத்தில் இருந்திருக்கிறது.

பழைய ஐஎஸ்ஏ கார்டுகளில் எல்லாவற்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஜம்பரை எடுத்து இங்கே செருகு, அங்கே செருகு. பாரலல் போர்ட் 378 என்ற முகவரியில் உட்காரட்டும், முதல் சீரியலுக்கு 4-ம் எண் அழைப்புக் கம்பி, அதாவது இண்டர்ரப்ட், இரண்டாவதுக்கு 3-ம் எண். மூன்றாவது சீரியல் வந்தால் மறுபடி 4-தான். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் காணாமல் போகும். பிசிஐ கார்டு அப்படியில்லை, ஜாதகத்தோடு வரும். லினக்ஸின் மையமான கெர்னல் கேட்டால் தன் குலம் 9710, தன் பெயர் 9835 என்று சொல்லும். துணை எண்ணில் 0012 என்று இருந்தால் ஒரு பாரலல், இரண்டு சீரியல் என்று படித்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு இலக்கமும் வெறும் தலை எண்ணிக்கைதான். இவ்வளவு நேர்மையாகத் தன்னைப் பற்றிச் சொல்லும் சிப், தொழில் என்ன என்ற கட்டத்தில் மட்டும் ‘சீரியல்’ என்று எழுதாமல் ‘இதர தகவல்தொடர்பு’ என்று எழுதியிருந்தது. அதனால் பொதுவான சீரியல் டிரைவர் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் போட்டிருந்த லினக்ஸுக்கு இந்தக் கார்டைத் தெரியாது. தெரியவைக்க ஒரு டிரைவர் எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயதில் சி மொழி எனக்கு ஒட்டுத்திண்ணை மாதிரி, உட்காரலாம், படுக்க முடியாது. தியோடர் ட்சோ எழுதி ரஸ்ஸல் கிங் திருத்தி அமைத்த லினக்ஸ் சீரியல் டிரைவரை அச்செடுத்து, டிக்‌ஷனரி பார்த்துக் கதை படிப்பது போல வரி வரியாகப் படித்தேன். ஒரு நாள் ராத்திரி வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னா சார், ரொம்ப நேரமா இன்னா எழுதற?” என்றார்.

“டிரைவர் எழுதறேன்.”

“என் பேரு எழுதிக்கோ சார், நான்தான் அடுத்து” என்று பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

சீரியல் பகுதி சுலபமாக வந்தது. உள்ளே இருப்பது யூஆர்ட் என்கிற அதே பழைய சீரியல் சிப் வம்சம். 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பு, அதைப் 16-ஆல் வகுத்தால் 1,15,200; அதை இன்னும் 12-ஆல் வகுத்தால் இண்டிகேட்டர் பேசும் 9600. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கு ஓர் எழுத்து வாசலுக்கு வருகிறது. முதல் ஐபிஎம் பிசி காலத்து 8250 சிப்பில் ஓர் எழுத்து நிற்கத்தான் இடம். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் முந்தையது போச்சு. 16550ஏ வந்தபோதுதான் வாசலில் 16 எழுத்து உட்காரத் திண்ணை கட்டினார்கள்.

வாசலுக்கு எழுத்து வந்திருப்பதைச் சிப் எப்படிச் சொல்லும்? மணி அடிக்கும். அதுதான் இண்டர்ரப்ட். ஆனால் கம்ப்யூட்டரில் மணிக் கம்பிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், கார்டுகளோ பல. பிசிஐ கார்டுகள் கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும். எங்கள் கார்டு இருந்த கம்பியில் நெட்வொர்க் கார்டும் இருந்தது. மணி அடித்தால் கெர்னலுக்கு யாருக்கு என்று தெரியாது. அந்தக் கம்பியில் இருக்கும் ஒவ்வொரு டிரைவரையும் தட்டி எழுப்பும். டிரைவர் தன் சிப்பைப் பார்த்து, நமக்குத்தான் என்றால் வேலையை முடித்து ‘கவனித்தேன்’ என்று சொல்ல வேண்டும். நமக்கில்லை என்றால் ‘எனதில்லை’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தப் பதில் சொல்லும் கட்டாயம் 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலோடு வந்தது. அதற்கு முன் டிரைவர்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது மளிகைக் கடை போன் கண் முன்னால் வந்து நின்றது. சிரித்துக்கொண்டேன். சிரித்துவிட்டு, என் டிரைவரின் கடைசி வரியில், எதையும் பார்க்காமல், எப்போதும் ‘கவனித்தேன்’ என்று எழுதினேன். ‘எனதில்லை’ என்று சொல்வது என்னவோ கடமை தவறுவது போல இருந்தது. வந்த மணிக்கு ஆமாம் சொல்வதுதானே மரியாதை என்று பட்டது. அந்த வரியை எழுதியவனின் வளர்ப்பு அப்படி.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ஐப்பசி மழையில், இரவு பதினொன்றரைக்கு, சீட்டு பாதி அச்சான நிலையில் கம்ப்யூட்டர் உறைந்தது. எலி நகரவில்லை, விசை எதுவும் வேலை செய்யவில்லை. வெளியே டிரெய்லர் வரிசை. துறைமுக வாசல் வரை நீண்டுவிடும் வரிசை எப்படி இருக்கும் என்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “இன்னா சார், பொட்டி செத்துப்போச்சா?” என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அணைத்துப் போட்டேன். பத்துச் சீட்டு ஓடும், மறுபடி உறையும். பதிவேட்டில் ஒரு வரி குறிப்பில்லை. இயந்திரம் கடைசி மூச்சு வரை எல்லாம் சரி என்றே எழுதி வைத்திருந்தது. விடியும்வரை பழைய பில் புத்தகத்தில் கையால் எழுதினேன். கட்டைவிரலில் கார்பன் தாளின் நீலம் நாலு நாள் போகவில்லை.

காரணம் பிடிபட மூன்று நாள் ஆனது. பிரிண்டர் ஒவ்வோர் எழுத்தையும் வாங்கிக்கொண்டதும் ‘வாங்கிவிட்டேன்’ என்று ஒரு சைகை திருப்பி அனுப்பும். அந்தச் சைகைக்கும் மணி அடிக்கும்படி பாரலல் போர்ட்டைத் திறந்து விட்டிருந்தேன், ஆனால் வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. மணி அடிக்கிறது, என் டிரைவர் ‘கவனித்தேன்’ என்கிறது, போர்ட் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பதால் உடனே மறுபடி அடிக்கிறது, மறுபடி ‘கவனித்தேன்’. செகண்டுக்கு எத்தனை ஆயிரம் முறையோ. இயந்திரத்துக்கு வேறு எதற்கும் மூச்சுவிட நேரமில்லை.

இதற்கு லினக்ஸில் ஒரு காப்பு இருந்தது. ஒரு கம்பியில் ஒரு லட்சம் முறை மணி அடித்து, அதில் 99,900 முறைக்கு மேல் யாருமே ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், கெர்னல் அந்தக் கம்பியை மூடிவிட்டு, ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்கிற பொருளில் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். மூன்று நாள் தேடியது அந்த ஒரு வரியில் கிடைத்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் சொன்னதால் அது எழுதப்படவே இல்லை.

அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்தது 1999-ல். நாங்கள் மூன்று பிள்ளைகள். தம்பிகள் இருவரும் போன் செய்து, “அண்ணே, ஆபரேஷனுக்கு என்ன பண்ணலாம்?” என்று கேட்டார்கள். “நான் பாத்துக்கறேன்” என்றேன். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி பஸ் ஏறினால் அரை மணி நேரம். இரண்டு வருஷம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பிகள் நடுநடுவே கேட்பார்கள், அதே பதில். முடியாதுப்பா, இந்த மாசம் மூச்சு விட நேரமில்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் சின்னவன் அடுத்த ரயிலைப் பிடித்து வந்திருப்பான். அம்மா அந்த இரண்டு வருஷமும் வடிவுடையம்மன் கோயில் படியைக் காலால் தடவித் தடவி ஏறினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவன்தான் பொறுப்பு ஏற்றுக்கொண்டானே.

டிரைவரைத் திருத்துவது நாலு வரி. மணி அடித்தால் முதலில் இரண்டு சீரியல் சிப்பையும் கேள். இரண்டுமே இல்லையென்றால் ‘எனதில்லை’ என்று சொல். பாரலல் போர்ட்டின் மணியை அடைத்துவிட்டேன். அதற்கு மணியே வேண்டாம், போலிங் போதும். அதாவது, அது கூப்பிடும் என்று காத்திருக்காமல், பிரிண்டர் சும்மா இருக்கிறதா என்று நாமே போய்ப் போய்ப் பார்த்து அடுத்த எழுத்தைக் கொடுப்பது. நேரம் கொஞ்சம் வீணாகும், ஆனால் எவர் பதிலையும் நம்ப வேண்டியதில்லை. அந்தக் கம்ப்யூட்டர் அதன்பின் ஆறு வருஷம் ஓடியது. 2016 ஜூலையில், ஏற்றுமதிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த எடை இருந்தால்தான் கப்பலில் ஏறும் என்ற உலக விதி வந்தபோது அங்கே வேறு இயந்திரம், வேறு பையன்கள். என்னை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார்கள். டீ நன்றாக இருந்தது.

மளிகைக் கடை போனில் மிச்சம் ஒன்று இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினவர். ஒரு சாயங்காலம் அவருக்கு ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தது. அவர் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. கடைக்காரர் சரக்குப் பிடிக்கப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். “சரி, சொல்லிடறேன்” என்றேன். அண்ணன் ஷிப்ட்டில் இருந்தார், வர எட்டு மணி ஆகும். அதற்குள் நண்பர்கள் வந்தார்கள், சினிமாவுக்குப் போய்விட்டேன். காலையில் பல் விளக்கும்போது ஞாபகம் வந்து ஓடினேன். அவர் கிளம்பிப் போனார், காரியம் முடிந்து பதினாறு நாள் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தால் வழக்கம்போலத் தலையை அசைப்பார்.

ஆனால் அதற்குப் பிறகு, நான் கல்யாணமாகி அந்தத் தெருவை விட்டுப் போகும்வரை, ஷிப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். எட்டு மணிக்குக் கடை வாசலுக்கு வந்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பெஞ்சில் நான் இருப்பேன். “எனக்கு எதுனா வந்துச்சா?” என்று கடைக்காரரைக் கேட்பார்.