பால் வாளி, ஏர்கான் வாளி

ஏர்கான் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஊருக்குச் சற்று வெளியே ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். சர்வர் அறை என்பது ஒரு படுக்கையறை அளவுதான். மூன்று ரேக், சுவரில் இரண்டு ஏர்கான், இரண்டிலும் 18 டிகிரி. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கம்பளிச் சட்டை, உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்ள. தஞ்சோங் மாலிமில் கம்பளிச் சட்டைக்கு வேலை இருக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

வடிகுழாய் முனை உடைந்திருந்தது. கீழே 10 லிட்டர் வாளி. "ராத்திரியில ரொம்பிடுதுண்ணே. காலையில வந்ததும் நாந்தான் ஊத்துறேன்" என்றான் கணினிப் பிரிவுத் தம்பி.

குழாயை மாற்ற ஐந்து நிமிடம், முனை பழையபடி வாளிக்குள். வாளிதான் மனசைவிட்டுப் போகவில்லை.

*

கம்ப்யூட்டருக்கு வேர்க்காது. அது தருவது வறண்ட சூடு மட்டும். அப்படியானால் வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெளிக்காற்றிலிருந்துதான். கதவடியில் விரல் நுழையும் இடுக்கு. கேபிளுக்காகச் சுவரில் போட்ட ஓட்டை அடைக்கப்படாமல் கிடக்கிறது. சீலிங் பலகை ஒன்று விலகியிருக்கிறது. மலையடிவாரத்து ஈரக்காற்று அந்த வழியெல்லாம் இரவு முழுக்க உள்ளே வருகிறது. ஏர்கான் அதைப் பிழிந்து வாளியில் விடுகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிய ஏறக்குறைய 0.7 கிலோவாட்மணி வெப்பத்தை அகற்ற வேண்டும். 10 லிட்டர் என்றால் 7. மின் மீட்டரில் அவ்வளவும் ஏறாது, மூன்றில் ஒரு பங்குபோல ஏறும். ஆனாலும் ராத்திரிக்கு ராத்திரி. பெர்னாம் ஆற்றங்கரைக் காற்றை உலர்த்தித் தருவதற்குத் தெனாகாவுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறது அந்த அலுவலகம்.

மீட்டர் இல்லாமலே அளக்கலாம் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன். காலையில் வாளியில் எத்தனை விரற்கடை என்று பார்த்தால் அறை எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

*

அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிலாங்கூர் எல்லையில் ஒரு கித்தா தோட்டம், இப்போது செம்பனை. வெட்டு முடிந்து ஆட்கள் பால் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். பாலை அளந்ததும் விடமாட்டார் கிராணி. கொஞ்சம் எடுத்து, இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் மிதக்க விடுவார். கண்ணாடித் தண்டு எவ்வளவு இறங்குகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் கெட்டிப் பாலில் தண்டு ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே நின்றுகொள்ளும். வாளி நிறைய இருக்கும் பாலில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் சரக்கு. கூலி சரக்குக்கு, வாளிக்கு அல்ல.

மெட்ரோலாக் சொல்வது பாலில் எவ்வளவு ரப்பர் என்பதை மட்டும்தான். அந்த ரப்பர் டயராகப் போனதா, கிடங்கில் கிடந்து பூசணம் பூத்ததா, அதற்குத் தெரியாது.

*

தரவு மையத்துக்காரர்களின் மெட்ரோலாக்குக்குப் பெயர் பி.யூ.இ. 2007-இல் கிரீன் கிரிட் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு பரப்பிய எண், 2016-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆயிற்று. கணக்கு எளிது. வாசலில் நுழையும் மொத்த மின்சாரத்தை, கம்ப்யூட்டர்கள் உண்ணும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். 2 வந்தால், கணக்குப் போடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட் குளிருக்கும் விளக்குக்கும் யு.பி.எஸ். சூட்டுக்கும் போகிறது. 1 வந்தால் சொர்க்கம், யாரும் போனதில்லை.

அப்டைம் இன்ஸ்டிடியூட் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில் 2007-இல் சராசரி 2.5. பிறகு மளமளவென்று இறங்கி, இப்போது சில ஆண்டுகளாக 1.6-ஐ ஒட்டி நின்றுகொண்டிருக்கிறது. கூகுள் தன் பெரிய மையங்களின் சராசரி 1.1 என்கிறது. அவர்களுக்குப் பின்லாந்தில் கடல் தண்ணீர் இருக்கிறது. நமக்கு வருஷம் முழுக்க வேர்வை.

*

அந்த வாளி அறைக்கும் பி.யூ.இ. அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன். அளப்பதில் நான் செய்த தப்பு ஒன்று. கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, வந்த ஆம்பியரை 230-ஆல் பெருக்கி, வாட் என்று எழுதிவிட்டேன். ஏர்கான் மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் உண்டு என்பதை சார்ஜ்மேன் தேர்வுக்குப் படிக்கும் பையன்கூடச் சொல்வான். நான் எழுதியது வோல்ட்-ஆம்பியர். அது வாட்டைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். மறுநாள் கிலோவாட்மணி மீட்டர் ஒன்றைத் தனியே பொருத்தினேன்.

இன்னொன்று: ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அளந்து, நல்ல எண் வந்ததும் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. மழைக்காலைக் குளிரில் எந்த அறையும் நல்ல பிள்ளைதான். பங்குனி வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு என்ன சொல்கிறது? பி.யூ.இ. என்றால் ஒரு வருஷக் கணக்கு. முறையும் அதைத்தான் சொல்கிறது.

*

18 டிகிரி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "முன்னாடி இருந்தவங்க வச்சதுண்ணே." சர்வர் வாங்கும் மூக்குக்காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று அமெரிக்கக் குளிரூட்டிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2008-லேயே எழுதிவிட்டது. மூக்குக்காற்று என்பதுதான் முக்கியம். சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் காட்டுவதல்ல. இயந்திரத்தின் முகத்துக்கு நேரே, கீழே, நடுவில், உச்சியில் என்று மூன்று இடத்தில் வெப்பமானியைப் பிடிக்க வேண்டும். இங்கே கீழே குளிர் பல்லை ஆட்டியது, உச்சியில் உள்ள பெட்டி கொதித்தது. காரணம் ரேக்கில் நடுநடுவே காலி இடம். பின்னால் கக்கும் சூடு அந்த ஓட்டைகள் வழியே முன்னால் வந்து மறுபடி மூக்கில் ஏறுகிறது. தன் மூச்சைத் தானே குடிக்கும் இயந்திரத்துக்கு எத்தனை டிகிரி வைத்தாலும் போதாது.

காலி இடத்துக்கு மூடு தகடு வாங்கிப் போட்டோம். தம்பி முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி அடைக்கப் பார்த்தான்; நெருப்புக்கு விருந்து வைக்காதே என்று பிடுங்கினேன். கதவடியில் ரப்பர் பட்டை. கேபிள் ஓட்டைக்கு நெருப்பு தாங்கும் பசை. பிறகுதான் ரிமோட்டில் கை வைத்தேன். வாரத்துக்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் இல்லை. ஒரே நாளில் ஏற்றி ஏதாவது நின்றால், அதற்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் பழி நம் தலையில்.

விசிறிக் கணக்கு ஒன்று, பலபேர் நம்ப மறுப்பது: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் 80 ஆவதில்லை, 51 ஆகிறது. வேகத்தின் மும்மடிப் பெருக்கம். பெரிய மையங்களில் வேகம் மாற்றும் விசிறிகளைத் தேடித் தேடிப் போடுவது இதனால்தான்.

*

சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. 2022-இல் கதவைச் சற்றுத் திறந்தபோது பி.யூ.இ. 1.3-க்குள் இருந்தால் வா என்றது. 2023-இல் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரம், எஸ்.எஸ். 697. 26 டிகிரியும் அதற்கு மேலும் வைத்துப் பழகுங்கள், ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் செலவில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம் என்கிறது. பக்கத்து நாட்டில் கதவு சாத்தியதும் கூட்டம் ஜொகூருக்கு வந்தது. கூலாய் யங் எஸ்டேட் என்ற பழைய தோட்ட நிலத்தில் ஒய்.டி.எல். குழுமத்தின் தரவு மையப் பூங்கா எழுகிறது. திட்டம் 500 மெகாவாட். மரம் நின்ற இடத்தில் ரேக் நிற்கிறது. பிரட்டு மணி கிடையாது, ஆட்களும் அவ்வளவாகக் கிடையாது.

மின்சாரம் தீபகற்பம் முழுக்க ஒரே குளம். நம் பேராவில் செண்டரோ அணை 1930-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் மஞ்சோங்கில் கடலோரமாக 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரியில் எரிகிறது. கூலாயில் ஒரு பொத்தான் தட்டினால் மஞ்சோங்கில் ஒரு கரண்டி கரி.

*

எரிசக்திச் சிக்கன, சேமிப்புச் சட்டம், சட்டம் 861, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 12 மாதத்தில் 21,600 கிகாஜூல், அதாவது 6 மில்லியன் கிலோவாட்மணி, தாண்டுகிற இடங்கள் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை வைத்தாக வேண்டும். இரவும் பகலும் 685 கிலோவாட் ஓடினால் அந்தக் கோட்டைத் தொடலாம். ஜொகூர் மையங்களுக்கு அது காலைப் பசியாறல். நம் மூன்று ரேக் அறை சட்டத்தின் கண்ணுக்கே படாது. இப்படி எத்தனை அறைகள் இந்த நாட்டில், 18 டிகிரியில், கம்பளிச் சட்டையோடு.

*

ரேக்கில் யாரும் தொடாத சர்வர்கள் சில ஓடிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் சர்வரும் முழு வேலையில் தின்பதில் பாதி அளவு தின்னக்கூடும். தம்பி பட்டியலைச் சரிபார்த்து, உரியவர்களைக் கேட்டு, இரண்டை அணைத்தான். அதற்குப் பிறகுதான் வம்பு.

எளிய எண்ணில் சொல்கிறேன். கம்ப்யூட்டர்களுக்கு 10 கிலோவாட், மொத்தம் 20. பி.யூ.இ. 2. கம்ப்யூட்டர்களில் 2 கிலோவாட்டை அணைக்கிறோம். பழைய ஏர்கானும் பாதிகூடச் சுமையில்லாத யு.பி.எஸ்.ஸும் அதே விகிதத்தில் குறைவதில்லை. மொத்தம் 17.5-க்கு வருகிறது. 17.5 வகுத்தல் 8, கிட்டத்தட்ட 2.2. பில் இறங்கிவிட்டது, எண் ஏறிவிட்டது.

மேலதிகாரி நான் பி.யூ.இ. எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கிக் காட்டினார். "என்ன மிஸ்டர், செலவு பண்ணி மோசமாக்கிட்டீங்களே?"

மெட்ரோலாக் கதையை அவரிடம் சொல்லியிருக்கலாம். பாலில் தண்டு எவ்வளவு இறங்கியது என்பது ஒரு கணக்கு. தோட்டம் எத்தனை டாலருக்கு விற்றது என்பது வேறு. சொல்லவில்லை. அடுத்த தாளில் மூன்று பத்தி போட்டேன்: மொத்த யூனிட், பி.யூ.இ., காலை வாளி. முதல் பத்தியைத் தடித்த எழுத்தில்.

*

போன வாரம் போனேன். ரிமோட்டில் 24. வாளியில் அடி நனையும் அளவுதான் தண்ணீர். தம்பி அதை வாசல் பூந்தொட்டிக்கு ஊற்றுகிறானாம். கம்பளிச் சட்டை ஆணியிலிருந்து நாற்காலி முதுகுக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது ரேக்கின் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இன்னும் பச்சை விளக்கோடு இருக்கிறது. மேலே ஒட்டுத்தாளில் மலாயில் 'தொடாதே', கீழே 2014 தேதி. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. யாருடையது என்று மூன்று பிரிவுக்கும் கடிதம் போட்டாயிற்று, ஒருவரும் என்னுடையது என்று சொல்லவில்லை, என்னுடையதில்லை என்றும் சொல்லவில்லை.

"அணைச்சுப் பார்த்துடலாமாண்ணே? யாராச்சும் கத்துனா திருப்பிப் போட்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை.