மெயின் சுவிட்சை இறக்கும் ஞாயிறு

பண்ருட்டிக்குப் பக்கத்தில் செம்மண் மேட்டில் இருக்கிறது அந்த வீடு. புரட்டாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே மெயின் சுவிட்ச் இறங்கிவிடும். மறுநாள் காலை வரை யாரும் அதைத் தொடுவதில்லை. மின்தடை எதுவும் கிடையாது. வீட்டுக்காரரே இறக்கி வைக்கிறார். அன்று மோட்டார் ஓடாது, மிக்ஸி சுற்றாது, போனுக்கு சார்ஜ் கிடையாது. எது இல்லாமல் வீடு தவிக்கிறதோ, அதுதான் ஐப்பசி அடைமழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. ஒரு வருடம் கிணற்று ராட்டினத்தைத் தாங்கும் கால் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது தெரிந்தது. இன்னொரு வருடம் ஆட்டுக்கல் இருந்தது, குழவியைக் காணவில்லை. வீட்டுப் பிள்ளைகள் இதற்கு 'தானே நாள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் வந்த கதை கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை அடித்தது. விடிந்து பார்த்தால் முந்திரியும் பலாவும் வேரோடு மல்லாந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. நெய்வேலியில் மின்சாரம் தயாராகிறது. அதே மாவட்டத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்த வீட்டுக்குக் கரண்ட் திரும்பி வர 26 நாள் ஆனது.

வீட்டுக்காரருக்கு அப்போது ஆறு பலா மரங்கள். எல்லாம் அப்பா வைத்தவை, நாற்பது வயதுக்கு மேல். ஆறும் விழுந்தன. முந்திரியில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கூட்டுறவுக் கடன் நிலுவையில் இருந்தது, பெண்ணுக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். நான்காம் நாளே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். ஊர் முழுக்க மரம் கிடக்கும்போது விலை யார் கையில் இருக்கும்? பலாவையும் முந்திரியையும் ஒன்றாகச் சேர்த்து, டன் கணக்கில், விறகு விலை. தோட்டம் சுத்தமானால் போதும் என்ற மனநிலையில் பலரும் கொடுத்தார்கள். இவரும் நான்கு பலாவைக் கொடுத்துவிட்டார்.

சேதி கேட்டு, புவனகிரி பக்கம் வெள்ளாற்றுக் கரையில் வாழ்க்கைப்பட்ட அக்கா வந்து இறங்கினார்.

"அப்பா வச்ச மரத்த அடுப்புக்கா வித்த தம்பி?"

"கையில காசு இல்லக்கா. நான் என்ன செய்ய?"

"மிச்சம் ரெண்டயாவது தொடாத. மாமா ஆசாரிய அழைச்சிக்கிட்டு வராரு."

அந்த இரண்டு மரம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் 'விழுந்த மரத்தை என்ன செய்வது?' என்று கேள்வி வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோதும் வந்தது.

சிதம்பரத்திலிருந்து வந்த ஆசாரிக்கு எழுபது வயது இருக்கும். வந்ததும் முதல் வேலையாக, வேர் பெயர்ந்த குழிக்குள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் துரத்தினார். சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், பாரம் குறைந்த வேர்க்கட்டை பழையபடி குழிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் பிழைக்க வழியில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிறகு பலாவையும் முந்திரியையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். முந்திரி மரத்தில் கரையான் சீக்கிரம் ஏறும். வீட்டுச் சாமானுக்கு ஆகாது, விறகுக்குப் போகலாம். ஆனால் தோட்டத்திலேயே குவித்து வைக்கக் கூடாது. அடிபட்ட முந்திரியில் தண்டு துளைப்பான் முட்டை வைக்கும். அங்கிருந்து உயிரோடு நிற்கும் மரத்துக்கும் போகும். பலா வேறு ஜாதி. அதன் மஞ்சள் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் பண்ருட்டிப் பக்கமிருந்துதான் போகிறது. மிருதங்கக் கட்டைக்கும் பலாதான். வீணையாகப் போக வேண்டிய மரத்தை அடுப்புக்கு எடை போட்டுக் கொடுத்தோமே என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

அறுக்க வழியில்லை. கரண்ட் இல்லாததால் மரவாடி மூடிக் கிடந்தது. வெட்டிய மரத்தை வெயிலில் போட்டால் முனையிலிருந்து பிளக்கும். நிழலில் போட்டால் வண்டு துளைக்கும். ஆசாரி சொன்ன யோசனை பழையது. கிளைகளைக் கழித்து, அடிமரத்தை டிராக்டரில் இழுத்துப் போய் ஊர்க் குளத்தில் தள்ளினார்கள். மிதக்காதபடி மேலே கல் ஏற்றினார்கள். நீரில் முழுக்க மூழ்கிய மரம் வெடிக்காது, வண்டும் ஏறாது, உள்ளிருக்கும் சாறும் கொஞ்சம் கரைந்து வெளியேறும். ஒரு மரத்துக்குத்தான் குளத்தில் வசதி இருந்தது. மற்றதன் இரண்டு முனைகளிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசி, செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். அதில் ஒரு துண்டை மட்டும் அலட்சியமாக மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். மாசிக்குள் அது விரிசல் விட்டு, வெளிப்புற வெள்ளைப் பகுதி முழுக்கப் பொடித் துளையாகிவிட்டது.

கரண்ட் வந்த பிறகு மரவாடியில் கூட்டம். தை முடிந்துதான் முறை கிடைத்தது. ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, மாட்டுக்கொட்டகை நிழலில் அடுக்கினார்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரம். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் இரண்டடிக்கு ஒரு ரீப்பர் குச்சி. குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் பலகை வளைந்துவிடும். உச்சியில் பாரக்கல். கல்யாணத்துக்குக் கட்டில் செய்துவிடலாம் என்று வீட்டில் அவசரப்பட்டார்கள். ஆசாரி உளியைத் தொடவில்லை. "காயாத பலகையில கட்டில் பண்ணா, மாப்ள ஊட்ல கிறீச்சு கிறீச்சுன்னு மானத்த வாங்கும்" என்றார். ஆகவே கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய கட்டில்தான் போனது.

அடுத்த ஆண்டு புரட்டாசியில்தான் இழைப்புளி ஓடியது. வெள்ளையைச் சீவித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்ததில் பலகை பாதியாகக் குறைந்தது. அதற்குள்ளும் ஒரு நிலை, ஒரு கதவு, ஒரு பரண், அக்கா வீட்டுக்கு ஒரு பத்தாயம் தேறின. பத்தாயத்துக்கு மட்டும் ஆசாரி இரண்டடி உயரத்தில் கால் வைத்தார். டெல்டா வீடுகளில் தரையோடு உட்காரும் பத்தாயத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கேலி செய்தார்கள். 2015 நவம்பர் வெள்ளத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாப்பாட்டு நெல் நனையவில்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தெருவில் நான்கு வீட்டுக்கு அந்த நெல்லைத்தான் உரலில் குத்திப் பொங்கினார்கள். கேலி செய்த வீடும் அந்த நான்கில் ஒன்று.

தோட்டத்தில் இப்போது பாலூர் 1 பலா ஒட்டுக்கன்றுகளும் விருத்தாசலம் 3 முந்திரியும் நிற்கின்றன. பலா அறுவடை முடிந்த கையோடு, ஆடி ஆவணியிலேயே, உயரக் கிளைகளையும் காய்ந்த கிளைகளையும் கழித்துக் காற்று புகுந்து போக வழி விடுகிறார். கிழக்கு வரப்பில் சவுக்கு வரிசை. அப்படியும் விழுந்தால், சின்ன மரமாக இருந்தால் கிளையைக் குறைத்து, நிமிர்த்தி, மண் அணைத்து முட்டுக் கொடுக்கலாம். முதிர்ந்த மரத்தை நிமிர்த்தப் பணம் செலவழிப்பது வீண் என்பது அவர் கணக்கு.

ஆசாரி இப்போது இல்லை. அவருடைய வாச்சியையும் கொட்டாப்புளியையும் அவர் மகன் இந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டார். மகனுக்கு சென்னையில் வேறு வேலை. வீட்டுக்காரர் தச்சு வேலை கற்றவரில்லை. ராட்டினத்துக்குப் பூவரசில் புதுக் கால் அவரே செதுக்கினார், கொஞ்சம் கோணல்தான், குடம் தாங்குகிறது.

கடந்த புரட்டாசி ஞாயிறன்று ராத்திரி, அரிக்கேன் வெளிச்சத்தில் பேரன் சுவரில் கரியால் எழுதிய பட்டியல் இன்னும் அழியவில்லை. பின்கதவுத் தாழ்ப்பாள். மாட்டுக்கொட்டகை வடக்குக் கைமரம். பரண் ஏணியில் மூன்றாவது படி. நான்காவதை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் இருக்கிறது: 'ரம்பத்துக்குப் பல் தீட்டியாச்சு.'