துருப்பிடிச்ச ஆணியும் 150 நானோகிராமும்

ஆபீஸ்ல ஆணி அதிகம்னு புலம்புற பதிவு இல்லைங்க இது. நிஜ ஆணி :-)

போன மாசம் பள்ளத்தூர் போயிருந்தப்ப, பக்கத்து வீட்டுப் பையன் பழைய நிலைக்கதவுல இருந்த ஆணியை மிதிச்சுட்டான். "துரு ஏறுன ஆணி, உடனே ஊசி போடுங்க"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. ஊசி சரிதான். ஆனா குற்றவாளி துரு இல்லை. மண்ணுலயும் சாணத்துலயும் வருஷக்கணக்கா தூங்குற டெட்டனஸ் பாக்டீரியாவோட வித்துகள். காத்துப் புகாத ஆழமான காயம் கிடைச்சா முளைச்சு, நஞ்சைச் சுரக்கும். மண் ஒட்டியிருந்தா புது ஆணியும் ஆபத்துதான்.

அந்த நஞ்சு நரம்பு வழியாவே தண்டுவடத்துக்குப் போய், தசைகளுக்கு "போதும், தளரு"ன்னு வர்ற சிக்னலை நிறுத்திடும். முதல்ல தாடை இறுகும். அப்புறம் கழுத்து, முதுகு. உடம்பு வில்லா வளையும். தனுர்வாதம்னு பேர் வந்ததே அதனாலதான்.

என்னை உலுக்கினது அளவு. கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் இருந்தாலே உயிர் போயிடும். 60 கிலோ ஆளுக்கு 150 நானோகிராம். (ஒரு கிராமை 100 கோடியாப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.) ஆளைக் கொல்ல அது போதும், ஆனா நோய் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்ப அது பத்தாது! தட்டம்மை வந்து பிழைச்சவருக்கு மறுபடி வராது. தனுர்வாதத்துல பிழைச்சவருக்கோ எதிர்ப்பு சக்தி வராது, அவரும் ஊசி போட்டாகணும். நம்ம பாஷையில, சர்வரே படுத்துடுச்சு, லாக் ஃபைல்ல ஒரு வரி கூட இல்லை.

இதுக்கு வழி கண்டவர் பிரான்ஸ்காரர் கேஸ்டன் ரமோன். 1920-கள்ல நஞ்சை ஃபார்மலினும் சூடும் கொடுத்துப் பதப்படுத்தினார். விஷம் போயிடுச்சு, உருவம் அப்படியே இருந்துச்சு. அதை நிறையவே உடம்புக்குக் காட்டலாம். உடம்பும் ஆற அமரப் பார்த்து எதிர்ப்பொருளைத் தயார் பண்ணி வெச்சுக்கும். நிஜ நஞ்சு வந்தா, நரம்புக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மடக்கிடும். கர்ப்பிணிக்குப் போட்டா அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போகும்.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட பெருமையா அளந்துட்டு இருந்தேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "எனக்கு மொதப் புள்ள எட்டாம் நாளு பால் குடிக்காம வாயைக் கட்டிக்கிருச்சுப்பா. ஒடம்பு கட்டையா வெறச்சுப் போச்சு. காத்துக் கருப்புன்னாக"ன்னாங்க.

அப்பாவுக்கு ஒரு அண்ணன் பிறந்ததே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

பிரசவம் வீட்டுலதான். தொப்புள்கொடியை எதால அறுத்தாங்கன்னு அப்பத்தாவுக்கு ஞாபகம் இல்லை. ரமோன் கண்டுபிடிச்சு நாப்பது வருஷம் ஆகியும் அந்த ஊசி எங்க வீட்டு வாசலுக்கு வந்து சேரலை. பிரசவத்துல தாய்க்கும் சிசுவுக்கும் வர்ற டெட்டனஸை இந்தியா ஒழிச்சிடுச்சுன்னு 2015-லதான் அறிவிச்சாங்க. அதுக்கும் அர்த்தம், எந்த மாவட்டத்துலயும் ஆயிரம் பிறப்புக்கு ஒண்ணுக்கும் குறைவுங்கறதுதான். மண்ணுல வித்து இன்னும் இருக்கு.

"அந்த ஊசி என்ன வெலைப்பா இருக்கும்?"னு கேட்டாங்க.

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில இலவசம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

மக்களே, நீங்க கடைசியா எப்ப போட்டீங்க? பத்து வருஷம் தாண்டியிருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.