நான்காவது ஆள்

எங்கள் காலத்தில் ஜனவரியில் பள்ளி திறந்ததும் மற்ற எல்லா விளையாட்டுக்கும் முன்னால் வந்து நின்றது மெரந்தாஸ் என்னும் குறுக்கோட்டம். மெரந்தாஸ் டெசா என்று முழுப்பெயரையும் நாங்கள் சொன்னதில்லை. பள்ளிக்கூடமே வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி, மலாய்க் கம்பத்துக்குள் புகுந்து, ரப்பர்க் காட்டைச் சுற்றித் திரும்பும். ஓட மனமில்லாதவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பார்கள். குறுக்கு வழியில் வருகிறவர்களைப் பிடிப்பதற்காக ஆங்காங்கே ஆசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு ராஃபியா கயிற்றுத் துண்டை, இடத்துக்கொரு நிறத்தில், கொடுப்பார்கள். எல்லா நிறமும் கையில் இருந்தால்தான் ஓடியதாகக் கணக்கு. குறித்த நேரத்துக்குள் வந்துவிட்டால் ஓடியவனுடைய விளையாட்டு இல்லத்துக்கு ஒரு புள்ளி. கடைசியில் மைலோ லாரி. அந்தப் பச்சை லாரியில் காகிதக் கோப்பையில் பிடித்துக் கொடுக்கும் குளிர்ந்த மைலோவுக்காகவே ஓடியவர்கள் உண்டு. அதே மைலோவை வீட்டில் எப்படிக் கலக்கினாலும் அந்த ருசி ஏன் வருவதில்லை என்று மலேசியர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அது பள்ளிக்கூடத்துத் திருவிழா. மாவட்டப் போட்டிக்கு அணி கட்டுவது வேறு சமாச்சாரம். எங்கள் சிகு அதற்கு ஜனவரி வரை காத்திருக்கிற ஆள் இல்லை. ஆசிரியரை மலேசியாவில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் சிகு என்றுதான் கூப்பிடுவோம். இவர் கிளந்தான்காரர், புவியியல் நடத்துகிறவர். 1985 நவம்பரில் ஆண்டு இறுதி விடுமுறை விட்ட கையோடு, தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் எங்கள் தோட்டத்துக்கே வந்து நின்றார். கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. வெளியாள் உள்ளே வர நினைத்தால் காவலுக்கு நிற்கும் ஜாகா விடமாட்டார், ஜாகா விட்டாலும் கணக்கெழுதும் கிராணியார் கேட்பார், கிராணியார் தலையாட்டினாலும் துரையின் வாயிலிருந்து வர வேண்டும். சிகு மூன்று இடத்திலும் சிரித்துப் பேசி அனுமதி வாங்கினார். வாங்கிய பிறகு தொழிலாளர் லயத்துப் பக்கம் வந்து, என் அம்மாவிடம் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "வணக்கம்." அம்மா பதிலுக்கு மலாயில் பத்து நிமிஷம் பேசினாள். ஒட்டுப்பால் பொறுக்க ஆள் வேண்டும், விடுமுறையில் பையனை விட முடியாது என்பதுதான் அதன் சாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவன் எனக்கு, அதுவரை உங்களுக்கு என்று உடன்படிக்கை ஆனது.

15 வயதுக்கு உட்பட்டவர்கள் அணியில் ஆறு பேர். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டுத்தான் முதலாம் படிவத்துக்கு வர முடிந்தது. ஆகவே படிப்பில் எங்களைவிட ஒரு வகுப்பு மேலே இருந்தவர்கள் ஓட்டத்தில் எங்கள் வயசுக்காரர்கள். அணியில் முதல் ஆள் எங்கள் லயத்து நெட்டையன். பால்வாளியைத் தூக்கிக்கொண்டே மேட்டு நிரையில் ஏறி இறங்கியவன். ஓட்டத்தைத் தனியாகக் கற்க அவனுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது, கம்போங் பாருவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பையன். பேசவே மாட்டான், கால் ஓசையும் கேட்காது. மூன்றாவது யான் பக்கத்து நெல்வயல்களில் வளர்ந்த மலாய்ப் பையன், வரப்பில் வெறுங்காலில் ஓடிப் பழகியவன். நான்காவது நான். எனக்குப் பின்னால் இரண்டு பேர், யாராவது விழுந்தால் ஏறிக்கொள்ளக் காத்திருந்தவர்கள்.

நான்காவது என்பது சும்மா கிடைக்கிற இடமில்லை என்று முதல் நாளே சிகு சொல்லிவிட்டார். குறுக்கோட்டத்தில் கோப்பை அணிக்கு. எங்கள் போட்டியில் ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் வருகிற நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள பள்ளி வெல்லும். மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். மூன்று பேர் 1, 2, 3 என்று வந்து நான்காமவன் 40ஆவதாக வந்தால் மொத்தம் 46. இன்னொரு பள்ளியில் பெரிய ஓட்டக்காரன் ஒருத்தனும் இல்லை, ஆனால் நால்வரும் 8, 9, 10, 11 என்று ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால் 38. கோப்பை அவர்களுக்கு. எழுதி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அறுவடை முடிந்த வயலில் கடைசியாக நிற்கும் மாட்டைப் பார்க்கிற பார்வை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பி. ராஜ்குமார் 800 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்தார். பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டி முடிதிருத்தகத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். விளைவு, தோட்டத்துப் பையன்கள் அத்தனை பேரும் முதல் 800 மீட்டரை ராஜ்குமாராகவே ஓடினோம். அதற்குப் பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்கள் போட்டியின் நான்கு கிலோமீட்டருக்கு இந்த வைத்தியம் உதவாது என்று சிகுவுக்குத் தெரியும். அவர் கற்றுக்கொடுத்தது மெதுவாக ஓடுவதை. "பெலான்-பெலான்!" என்று கத்திக்கொண்டே கப்சாயில் பின்னால் வருவார். அதோடு ஒரு சட்டம்: ஓடிக்கொண்டே எட்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் சொல்லலாம், சீனப் பையன் சீனத்தில் சொல்லலாம். இந்தச் சலுகையை நாங்கள் சீக்கிரமே சீரழித்தோம். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, சிகு வண்டி டயர் பஞ்சர், நாலெட்டு முப்பத்திரண்டு" என்று ராகம் போட்டுக்கொண்டு போவோம். அவர் பின்னால் தலையாட்டிக்கொண்டே வருவார், மூச்சு சீராக இருக்கிறதே என்று. எனக்கு அடியில் ஓர் எஞ்சின் இருப்பதாக நான் உணர்ந்தது இந்தப் பாட்டுகளுக்கு நடுவில்தான். நெட்டையனோடு கதை பேசிக்கொண்டு மேட்டுக் கோயில் வரை போய்த் திரும்ப முடிந்தது. அதற்கு முன்னால் அந்த மேட்டில் நான் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் கெடாவில் மழைக்காலத்தின் வால். காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்டிப் பாலெடுக்க முடியாது; மங்கில் பாலோடு தண்ணீர் கலந்துவிடும், அன்றைய கூலி போச்சு. ரப்பர் விலையும் படுத்துக் கிடந்த நேரம், நாட்டுப் பொருளாதாரமே சுருங்கிய ஆண்டு அது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டுச் சும்மா திரும்பிய அப்பா, சாயங்காலம் நான் ஓடக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்திருப்பார். "சோறு திங்கிறதுக்கா ஓடுற, ஓடுறதுக்கா சோறு திங்கிற?" என்பார். கேள்வி நியாயமானதுதான். ஓட ஆரம்பித்த பிறகு பானையில் என் பங்கு இரட்டிப்பாகியிருந்தது.

ஈரச் செம்மண்ணில் பள்ளிச் சப்பாத்து ஒன்றுக்கும் உதவாது. துணிச் சப்பாத்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அடி வழுக்கும். பள்ளி திறப்பதற்குள் வெள்ளைச் சாயம் பூசிக் காய வைக்கிற வேலை வேறு. நெட்டையன்தான் வழி சொன்னான். மரம் வெட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. முழுக்க ரப்பர், அடியில் முள்முள்ளாகப் பிடிப்பு, விலை மலிவு, கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். அடிடாஸ் கம்போங் என்று பின்னாளில் செல்லப்பெயர் பெற்று மலையோட்டக்காரர்கள் தேடி வாங்கும் சரக்கு அது. அன்றைக்கு அது வெறும் வேலைச் சப்பாத்து. நகரத்துப் பள்ளிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். தடித்த காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டால் கால் கொப்புளிக்காது. நிரைகளுக்கு நடுவே உதிர்ந்து கிடந்த ரப்பர்க் கொட்டைகள் மேல் மற்றவர்கள் வழுக்கி விழுந்தபோது நாங்கள் நின்றோம்.

வாரத்தில் ஒரு நாள் ஓடுகிற இடம் மாறும். எல்லோருடைய மண்ணிலும் எல்லோரும் ஓட வேண்டும் என்பார் சிகு. யான் பக்கத்து வரப்புகளில் நெட்டையன் இரண்டு முறை சேற்றில் இறங்கினான். அன்றைக்கு மலாய்ப் பையன் ராஜா. ஓடி முடித்ததும் அவன் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் வைத்தார். கம்போங் பாருவில் கீரைப் பாத்திகளைச் சுற்றி ஓடினோம். நாய்கள் துரத்தியதால் யாரும் வாய்ப்பாடு சொல்லவில்லை. ஒரு தடவை குனோங் ஜெராய் அடிவாரம் வரை நீண்ட ஓட்டம். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை எங்கள் தோட்டத்தின் எந்த மேட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். பக்கத்தில் போனால்தான் அது எவ்வளவு தூரம் என்று புரிந்தது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய சண்டிக் கோயில் அடித்தளத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார் சிகு. ராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்து தாக்கிய கடாரம் இந்தப் பக்கம்தான் என்று எங்களிடம் சொன்னவர் அந்தக் கிளந்தான்காரர். தமிழ்ப்பள்ளியில் படித்த எங்களுக்கு அதுவரை தெரியாது. "உங்கள் ஆட்கள் அவ்வளவு தூரம் வந்தது எப்படி?" என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார்: "பெலான்-பெலான்."

ஜனவரியில் மழை அறவே நின்றது. வடக்கே வறட்சி வந்ததும் ரப்பர் மரங்கள் இலையை உதிர்க்க ஆரம்பிக்கும். காடு முழுக்கச் சிவந்து, பிறகு மொட்டையாகி, நிழலில்லாமல் நிற்கும். உதிர்ந்த இலை குழியையும் மூடும், வேரையும் மூடும், பாம்பையும் மூடும். இலை உதிர்ந்தால் பால் குறையும், வீட்டில் கை இறுகும். சிகு எங்களுக்கு அரை வேக்காட்டு முட்டை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்த நேரமும் அதுதான். ஆனால் நெட்டையன் தொடவில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அவன் பாட்டி வேண்டிக்கொண்டிருந்தாள், விரதம். சிகு கோபிக்கவில்லை. "புவாசாவா? சரி" என்று தலையசைத்துவிட்டு, மறுநாள் அவனுக்கு மட்டும் பச்சைப்பயற்றுக் கஞ்சி கொண்டுவந்தார். நோன்பு அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?

ஜனவரி கடைசியில் தைப்பூசம். நெட்டையன் சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்கு வெறுங்காலில், உச்சி வெயிலில், தாரில் நடந்தான். வரப்பில் வெறுங்கால் வேறு, கொதிக்கிற தார் வேறு. இரண்டு பாதத்திலும் தோல் பொங்கிவிட்டது. போட்டிக்கு அதிக நாளில்லை. பாட்டி மஞ்சள் பத்துப் போட்டாள், சிகு மருந்துக்கடைக் களிம்பு கொடுத்தார். இரண்டில் எது வேலை செய்தது என்று இரு தரப்பும் பிறகு பெருமை பேசியது.

போட்டியன்று நெட்டையன் ஓடினான். ஆனால் அவனுடைய ஓட்டம் இல்லை. சீனப் பையன் 4ஆவது, மலாய்ப் பையன் 6ஆவது, நெட்டையன் 9. நான் கூட்டத்தை முன்னால் ஓடவிட்டு, மனசுக்குள் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு, பாதி தூரத்துக்கு மேல் ஒவ்வொருவனாகத் தாண்டி 21ஆவதாக வந்தேன். மொத்தம் 40. நகரத்துப் பள்ளி ஒன்று 33 எடுத்தது. இரண்டாமிடம். சிகு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்து, இன்னொரு முறை கூட்டிப் பார்த்து, பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தனி ஆட்களாக முதலில் வந்த பத்துப் பேரை மாவட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் மூவரும் மாநிலப் போட்டிக்கு அலோர் ஸ்டார் போனார்கள். அவர்களோடு சிகுவும் போனார். அணிக்கு இன்றியமையாத நான்காவது ஆள் மாநிலத்துக்குத் தேவைப்படவில்லை.

போகும்போது வரைபடத் தாளில் ஒரு வாரத்துப் பயிற்சியை எழுதி என்னிடம் கொடுத்தார். மிச்சமிருந்த மூவரும் சாயங்காலம் கோயில் மேட்டுக்குக் கிளம்பினோம். சிகு இல்லாததால் வாய்ப்பாடு வேண்டாம் என்றான் ஒருவன். "டேய், சொல்லுங்கடா" என்று ஆரம்பித்தேன். அடுத்த ஆண்டுக்கு என் இடத்தின் மேல் கண் வைத்திருந்த ஐந்தாவது ஆள் என் தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தான். ஓரெட்டிலிருந்து பதினாறெட்டு வரை எங்கேயும் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்து, "அப்புறம்?" என்றான். நான் வேகத்தைக் கூட்டினேன்.