பூமியின் படம் ஏன் பொம்மை போல இருக்கிறது?

விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படத்தைப் பார்த்ததும் பலருக்கும் எழும் முதல் கேள்வி, "இது நிஜமா, கம்ப்யூட்டரில் வரைந்ததா?" என்பதுதான். கறுப்புத் துணியில் வைத்த கோலிக்குண்டு போல அவ்வளவு வழவழப்பு, அவ்வளவு நீலம்! பின்னால் ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. சந்தேகம் வருவதில் தப்பே இல்லை.

முதலில் நட்சத்திரங்கள். வெயில் படும் பூமி மிகவும் பிரகாசமானது. அதற்கேற்ப கேமராவின் ஷட்டர் கண நேரம்தான் திறந்து மூடும். அதற்குள் நட்சத்திரங்களின் மங்கலான ஒளி பதியாது. இரவில் தெருவிளக்கின் கீழ் நிற்பவரைப் படம் எடுத்தால், பின்னால் வானம் வெறும் கறுப்பாக விழுவதும் இதனால்தான்.

அடுத்து அந்த வழவழப்பு. பூமியின் விட்டம் சுமார் 12,742 கி.மீ. எவரெஸ்ட்டின் உயரமோ 9 கி.மீ. கூட இல்லை. பூமியை 12 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால், எவரெஸ்ட் 0.1 மி.மீ.க்கும் குறைவு! "துருவங்களில் பூமி தட்டையானது என்று படித்தோமே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் விட்டத்தில் அந்த வித்தியாசம் சுமார் 43 கி.மீ. மட்டுமே. அதே படத்தில் அது அரை மி.மீ. கூட வராது. கண்ணுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பிரபலமான பல படங்கள் ஒரே தடவையில் எடுத்தவை அல்ல. நாசா 2002-ல் வெளியிட்ட பூமிப் படத்துக்குத் தகவல் தந்த டெர்ரா செயற்கைக்கோள் சுமார் 700 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. யானையை ஒட்டி நின்றுகொண்டு முழு யானையையும் படம் பிடிக்க முடியுமா? அதனால் மாதக் கணக்கில் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, உருண்டையின் மேல் போர்த்தினார்கள். 2012-ல் வெளியான படமும் அப்படி ஒட்டியதே. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது போல அமைக்கிறார்களோ, அதைப் பொறுத்துக் கண்டங்களும் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். இரண்டு படங்களிலும் வட அமெரிக்காவின் அளவு மாறித் தெரிவது இதனால்தான். ஒட்டியது உண்மை, ஒட்டிய துண்டுகளும் உண்மை!

முழுப் பூமியையும் ஒன்றாகப் பார்க்கும் கேமராவும் உண்டு. 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் டிஸ்கவர் விண்கலம், 2015 ஜூலை 16 அன்று நிலா பூமியின் குறுக்கே போவதைப் படம் பிடித்தது. பார்த்தால் பூமியின் மேல் நிலாவை வெட்டி ஒட்டியது போலவே இருக்கும். நிலாவின் ஒரு ஓரத்தில் பச்சைக் கோடு வேறு! அந்தக் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக, சுமார் அரை நிமிட இடைவெளியில் எடுத்துச் சேர்க்கிறது. அதற்குள் நிலா கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒட்டாமல், வெட்டாமல், மனிதர் கையால் ஒரே சொடுக்கில் எடுத்த படம் வேண்டுமா? 1972 டிசம்பர் 7, அப்போலோ 17 வீரர்கள் சுமார் 29,000 கி.மீ. தூரத்திலிருந்து ஃபிலிமில் எடுத்தது இருக்கிறது. சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் முழு வட்டமும் வெளிச்சத்தில் கிடைத்தது. நிழல் இல்லாததால் அதுவும் பொம்மை போலத்தான் தெரிகிறது. மூலப் படத்தில் தெற்கு மேலே இருந்தது. பழக்கமான கோலத்துக்காகத் திருப்பி வெளியிட்டார்கள்.

அந்தப் படத்தின் வலது மேல் ஓரத்தில் பஞ்சு போல ஒரு சின்ன வெள்ளைச் சுழி இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 5 அன்று, கடலூர் பக்கம் கரை கடந்து தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்ட புயல் அது. படம் எடுத்தபோது இங்கே மாலை 4 மணி. வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் அந்த ஓரத்தில்தான் இருந்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் தெரிய மாட்டார்கள். பூமியின் படம் பொம்மை போலத் தோன்ற அதுவும் ஒரு காரணம்.