சாமான் ஏற்றும் பக்கம்

சிறு மாதிரி வாகனங்களைச் சேகரிப்போரில் மிகப் பெரும்பாலோர் முன்முகத்தின் இரசிகர்கள். விளக்குகளின் வளைவும், முத்திரையின் கூர்மையும், முன்சல்லடையின் மினுக்கமும் மூலவாகனத்தோடு ஒத்துவந்துவிட்டால் அவர்கள் மனம் நிறைவடைந்துவிடும். பிரெஞ்சு தேசத்துப் பழைய விநியோக வான்களையும் லொறிகளையும் சேகரிக்கப் புகுந்தவனோ, கொஞ்சக் காலம் அந்த மயக்கத்தில் இருந்துவிட்டு, பின்னர் தன்னையறியாமலே மாதிரியைக் கையில் எடுத்தவுடன் பின்புறமாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகிறான். சாமான் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கத்திலேதான். வண்டியைச் சிருஷ்டித்தவனுடைய புத்தி முழுவதும் அங்கேதான் செலவாகியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்குச் சிறந்த சாட்சி சித்ரோயன் ‘எச்’ வான். 1947ஆம் ஆண்டுப் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டு, 1981 வரை 473,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியான அந்த வண்டியின் மழுங்கிய மூக்கைப் பார்த்து நகைத்தவர்கள் அநேகர். அதன் உடம்பெங்கும் ஓடும் நெளிவரிகளோ, யுங்கர்ஸ் விமானங்களின் மேற்றகட்டை நினைவூட்டுபவை. மெல்லிய தகட்டை மடித்து வரியாக்கினால் உட்சட்டகம் அதிகம் இன்றியே அது விறைத்து நிற்கும் என்பதே அந்த வரிகளின் தாற்பரியம். ஆயினும் அவ்வண்டியின் உண்மையான விசேஷம், இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் முன்னால் அமைந்து முன்சக்கரங்களையே இயக்கியமையால், அடியில் நீண்ட சுழல்தண்டு எதுவுமின்றித் தளம் நிலத்துக்கு மிக அண்மையில் மட்டமாக அமைந்ததும், அதன்மேல் ஒருவர் குனியாது நின்று வேலைசெய்யக் கூடியதாயிருந்ததுமே ஆகும். பக்கவாட்டில் வலப்புறத்தே ஒரு தள்ளுகதவு உண்டு. வீதியின் இடப்புறமாக வாகனம் செல்லும் நாட்டிலிருந்து வந்த எனக்கு அது பிழையான பக்கமாகவே வெகுகாலம் தோன்றியது. பிரான்சிலே நடைபாதை வலப்புறம், ஆகவே சாமான் இறங்க வேண்டியதும் வலப்புறம் என்று புரிந்துகொண்ட பின்னரே, ஒரு கதவின் ஸ்தானத்துக்குள் ஒரு தேசத்தின் வீதிச்சட்டமே அடங்கியிருப்பதைக் கண்டேன்.

ஊரவர் ஒருவர், தென்னிலங்கையில் நீண்டகாலம் பலசரக்குக் கடை நடத்தியவர், ஒருமுறை என் வீட்டுக்கு வந்து கண்ணாடி அலுமாரியின் முன் நின்றார். “தம்பி, உதுகளுக்கே காசைக் குடுக்கிறாய்?” என்று கேட்டவர், சற்று நேரத்தில் ‘எச்’ வானைத் தாமே கையிலெடுத்து, முன்முகத்தை ஏறிட்டும் பாராமல் பின்கதவோரமாகக் கண்ணை வைத்து, “இதுக்குள்ளை எத்தினை அந்தர் ஏத்துவாங்கள்?” என்றார். ஆரம்பகால ‘எச்’ ஏற்றக்கூடிய பாரம் 1,200 கிலோ. நம் பழைய கணக்கில் ஏறக்குறைய 24 அந்தர். சொன்னேன். “அப்ப ஒரு சின்னக் கடைக்குக் கிழமைச் சாமானுக்குக் காணும்” என்று தீர்ப்பளித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். சேகரிப்பாளர் கூட்டங்களில் விலையையும் அபூர்வத்தையும் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இத்தகைய விமர்சனத்தை அங்கே கேட்டதில்லை.

அக்கேள்வி பிறந்த இடம் எங்கள் ஊரான, யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு என்பதில் ஆச்சரியமில்லை. கடலால் சூழப்பட்டு, விளைச்சல் சொற்பமாய், பிள்ளைகள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடைவைத்துப் பிழைக்கப் புறப்பட்ட ஊர் அது. வேலணையோடு இணைக்கும் தாம்போதி அமையுமுன் ஊருக்கு வந்த பொருளெல்லாம் தோணியில் வந்தது. அமைந்த பின்னரோ ஊரின் மேற்கிலுள்ள குறிகட்டுவான் துறையிலே, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகவேண்டிய அரிசியும் மாவும் லொறியிலிருந்து வள்ளத்துக்கு மாறுகின்றன. லொறித்தளத்துக்கும் துறைமேடைக்கும், துறைமேடைக்கும் வள்ளத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு எத்தனை என்பதை முதுகால் அளந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தாழ்ந்த தளத்தின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைக்கப் பொறியியல் நூல் வேண்டியதில்லை.

நான் கைக்கொண்டிருக்கும் அளவு, ஒன்றுக்கு நாற்பத்துமூன்று. ஓர் அடியை ஏழு மில்லிமீற்றராகச் சுருக்கிய ஆங்கிலப் புகையிரதப் பொம்மைகளின் வழியாக வந்த விகிதம் இது. பிரெஞ்சு டிங்கிக் கம்பனியின் மாதிரி வண்டிகள் பாரிஸை அடுத்த பொபினியில் வார்க்கப்பட்டவை. அந்த ஊரின் பெயரைக் கேட்டால் நம்மவர்க்கு வதிவிட அட்டைக்கான மாவட்டச் செயலகம்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கோ, ஜெர்வே நிறுவனத்தின் பெயர் பொறித்த ‘எச்’ வானும், பேஜோ டி-3 அஞ்சல் வானும் கூடவே வரும். அஞ்சல் வானின் நிறம் ஒரு காலக்கணிப்பு: பிரெஞ்சு அஞ்சல் வாகனங்கள் 1960களின் தொடக்கம் வரை கரும்பச்சையாகவே ஓடின, மஞ்சள் பின்னர் வந்தது. ஆகவே பழைய வார்ப்பின்மேல் பளிச்சென்ற மஞ்சளைக் கண்டால் சந்தேகம் கொள்ளுதல் நன்று.

சந்தேகம் வந்தால் வண்டியைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்க்க வேண்டும். தட்டைப் பிணைக்கும் தறையாணியின் தலை துளைக்கப்பட்டிருந்தாலோ, அதன்மேல் வர்ணம் ஏறியிருந்தாலோ, யாரோ பிரித்துப் பூசியிருக்கிறார் என்பது நிச்சயம். புற ஊதா விளக்கின் கீழே புதுவர்ணம் பழையதினின்றும் வேறாக ஒளிர்வதும் உண்டு. பக்கச்சுவரிலே விளம்பர எழுத்தாக ஒட்டப்பட்ட மென்படலத்தின் விளிம்பை, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் காணலாம். அதை ஈரத்துணியால் துடைக்கத் துணிபவர் கடைக்காரருடைய பெயரையே துடைத்துவிடுவர். மிருதுவான தூரிகை போதும். அழுக்கு முற்றாகப் போகவேண்டும் என்ற பிடிவாதம் இந்தக் கலைக்கு ஆகாது. பெட்டி கலையாத, யாரும் தொட்டே பார்க்காத பிரதியை மகுடமாகக் கருதுவோருடன் எனக்கு விவாதமில்லை. பின்கதவு மட்டும் நூறுமுறை திறந்து மூடியதால் தேய்ந்துபோன ஒன்றுக்கு நான் சற்று அதிகமாகவே கொடுப்பேன்.

இவற்றுக்கு வியாதிகளும் உண்டு. நாகக் கலவையிலே ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் உலோகம் தானே வீங்கி வெடித்து உதிரும். யுத்தத்துக்கு முந்திய வார்ப்புகளில் இது அதிகம், பரிகாரமும் இல்லை. நோரெவ் கம்பனியின் பழைய பிளாஸ்டிக் வண்டிகள் செல்லுலோஸ் அசிற்றேற்றால் ஆனவை. உஷ்ணத்திலும் காலத்திலும் சுருங்கி முறுகி, நேரான கூரை படகின் முதுகுபோல வளைந்துவிடும். மிருதுவான சில டயர்களோ தாம் நிற்கும் பிளாஸ்டிக் மேடையையே தின்று பள்ளமாக்கும். அதனால் என் வண்டிகள் யாவும் மரத்தட்டிலேயே நிற்கின்றன, வெயில் படாத சுவரோரமாக.

இன்னொரு சங்கதி. பெர்லியே முதலிய பிரெஞ்சுக் கனரக லொறிகள் பல, நாடே வலப்புறமாக ஓடிய காலத்திலும், 1950கள் வரை சுக்கானை வலப்பக்கத்திலேயே வைத்திருந்தன. ஒடுங்கிய மலைவீதியின் விளிம்பைச் சாரதி நேராகப் பார்க்க வேண்டும் என்பது காரணம். அந்த மாதிரிகளுக்குள் எட்டிப் பார்க்கும்போது எனக்கு ஊர் லொறியின் முன்னிருக்கை தெரிகிறது.

எந்தத் தொழிற்சாலையும் வார்க்காத ஒன்றை இப்போது நானே செய்ய முனைந்திருக்கிறேன்: நம்முடைய தட்டிவான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிப் புகழ்பெற்ற அவ்வண்டி, பிறநாட்டு லொறிச் சட்டகத்தின்மேல் உள்ளூர்த் தச்சர் கட்டிய மரக்கூடு. பின்னே கிடையாக விழுந்து சங்கிலியில் தொங்கும் தட்டியே அதன் ஜீவன். மூட்டையும் கடகமும் அதன்மேல் ஏறும். சமயத்தில் ஆட்களும் ஏறுவார்கள். தொழிற்சாலை வரைபடம் என்று ஒன்று இல்லை. தச்சருக்குத் தச்சர் கூடு வேறுபடும். புகைப்படங்களில் சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாக வைத்தே மற்ற அளவுகளைக் கணிக்கிறேன். ஓரங்குலப் பலகை இந்த விகிதத்தில் 0.6 மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. அத்தனை மெல்லியதாய் மரத்தைச் சீவலாம், ஆனால் மரத்தின் ரேகை சுருங்க மறுக்கிறது, ஆதலால் ரேகை தெரியாத பேரிமரத்தைத் தேர்ந்தேன். சங்கிலிக்காகப் பாரிஸின் லா சப்பல் நகைக்கடைகளில் விசாரித்து, குழந்தைகளுக்கான மிக மெல்லிய சங்கிலித் துண்டொன்று பெற்றேன். அதுவும் கண்ணி சற்றுப் பெரிது, கறுப்பேற்றினால் பொருந்தும். தட்டியை மடித்து நிறுத்தினால் மற்ற வான்களோடு ஒரே வரிசையில் அடங்கும் என்று வீட்டார் சொல்கிறார்கள். விரித்தே வைக்கப் போகிறேன். அலுமாரியின் அந்த ஒரு தட்டை மட்டும் அகலமாக்கிக் கொடுக்கத் தச்சரிடம் சொல்லியாயிற்று.